தட்டாமல் விட்ட கதவு

என் தங்கையின் வீடு ஏரிக்குள்தான் இருக்கிறது என்று கைப்பேசி வரைபடம் சாதித்தது. விமான நிலையத்தில் ஏறிய வாடகைக் கார் பூந்தமல்லியில் லாரிகளுக்கு நடுவே நெடுநேரம் நின்று, ஊர்ந்து, பருத்திப்பட்டுக்குள் நுழைந்து, கடைசியில் கம்பிவேலி போட்ட ஏரிக்கரையில் போய் முட்டி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கு நின்று எங்களைப் பார்த்தது.

"மேப்பு இத்தான் காட்டுது மேடம். நேரா போ நேரா போன்னு சொல்லுது. நேரா போனா தண்ணிதான் கீது. ஊட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்களேன்," என்றார் ஓட்டுநர்.

அந்த வீட்டுக்காரர் இறந்துபோனதால்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்ஜினை அணைத்தார். தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டு இறங்கி, வெயிலில் நடந்து, டீக்கடையில் விசாரித்துக்கொண்டு வந்தார். அடுக்ககத்து வாசலில் என் பெட்டியை லிப்ட் வரைக்கும் தூக்கி வந்து வைத்தார். "தெகிரியமா இருங்க மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள் இருந்து அவ்வளவு ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் லண்டனுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. வயதானவர்களை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்வது என் வேலை. தங்கை கிரேஸ் எனக்கு ஒரே கூடப்பிறப்பு. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். அவள் கணவர் சாம்ராஜ் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கடனில் வாங்கி, தவணை கட்டி முடித்த பருத்திப்பட்டு பிளாட்டில் இருவரும் இருந்தார்கள். ஒரு வேலைநாள் மத்தியானம் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. எனக்கு டிக்கெட் கிடைத்து நான் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

நான்காவது மாடி. ஒவ்வொரு வீட்டுக்கும் மரக்கதவு. அதற்கு முன்னால் இரும்புக் கதவு. அதில் ஒரு பூட்டு. கிரேஸ் கதவைத் திறந்து, என்னைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. "வா" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுப்பங்கரையில் அடுப்பு துடைத்து வைத்தபடி ஜில்லென்று கிடந்தது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் உலை வைத்துவிடுவார்கள். சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் கஞ்சி வந்துவிடும். வேண்டாம் என்றாலும் தலையைப் பிடித்து வாயில் ஊற்றிவிடுவார்கள். இங்கே அடக்கத்தன்று உறவினர்கள் ஓட்டலில் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால ரயில்களைப் பிடித்துப் போய்விட்டார்கள். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன. எத்தனை வீடோ அத்தனை கைகள். அவற்றுக்குக் கீழேயே தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

மறுநாள் காலை கோயம்புத்தூரிலிருந்து எங்கள் சித்தி மகன் கைப்பேசி வழியாக இட்லி அனுப்பினான். கொண்டு வந்தவர் வாசலில் நின்று, "ஓடிபி சொல்லுங்க," என்றார். தாலியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்ணைப் படித்துச் சொன்னாள். இட்லியைத் தொடவில்லை. கறுப்பு டீயும் நனைத்த பிஸ்கட்டும்தான் அவள் உள்ளே போயின. ஊட்டிவிடப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவள். வெறும் வயிற்றில் போட்டுப் போட்டு முகம் வெளிறிப்போயிருந்தது. நான் திரும்பிப் போவதற்குள் இவளை ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும், இவள் கூப்பிட்டால் திறக்கும் ஒரு கதவாவது இந்த மாடியில் இருக்க வேண்டும் என்பதே என் கவலையாகிவிட்டது.

லண்டனில் நான் பார்த்துக்கொண்ட ரூத் அம்மா யூதர். அவர் கணவர் இறந்தபோது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாட்டை அந்த வீட்டார் தங்கள் சொந்தச் சாப்பாடாகச் சாப்பிடக்கூடாது. பக்கத்து வீட்டார்தான் கொண்டு வர வேண்டும். அவித்த முட்டை, பயறு, வட்ட ரொட்டி என்று வந்து குவிந்தது. ஏழு நாளும் வாசல்கதவு பூட்டாமல் கிடந்தது. வருகிறவர்கள் மணி அடிக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை அவர்களும் பேசவில்லை. உன்னைப்போலவே பிறனையும் நேசி என்பது இயேசு சொன்னது, எங்கள் ஊரில் கோயில் சுவரில்கூட எழுதியிருக்கும் என்று ஒருமுறை அவரிடம் பெருமையடித்தேன். ரூத் அம்மா சிரித்துவிட்டார். "அது அவருக்கு முன்னாலேயே மோசே எங்களுக்குச் சொன்னது. உங்களவர் எங்கள் வீட்டுப் பிள்ளை, அதனால் படித்திருந்தார்," என்றார்.

அதை நினைத்துக்கொண்டு, நான் வந்த மூன்றாம் நாள் காலை இரும்புக் கதவையும் மரக்கதவையும் விரியத் திறந்து வைத்தேன். கிரேஸ் வேண்டாமென்று சொல்லவில்லை. எதையும் சொல்கிற நிலையில் அவள் இல்லை.

முதலில் ஒரு பூனை வந்தது. அடுத்து ஒரு பார்சல் வந்தது, கீழ்மாடிக்காரருடையது. பிறகு, கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "ஆன்ட்டி, டோர் ஓப்பனா இருந்துச்சு. வீடு விக்கிறீங்களா? என் பிரண்டு ஒருத்தன் இதே பிளாக்ல தேடிட்டு இருக்கான்," என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ சாரி, குரூப்ல பார்த்தேன்," என்று பின்னாலேயே நகர்ந்து லிப்டுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் காவலாளி மேலே வந்தார்.

"இன்னாம்மா, கதவ தொறந்து போட்டுக்கினு கீறீங்க? கேமராவுல பாத்துட்டு அசோசியேஷன்ல என்னியத்தான் கேக்கறாங்க. எதுனா காணாப்பூடுச்சின்னா யார் பதில் சொல்றது?"

"துக்கம் கேட்க யாராவது வருவார்கள் என்றுதான்," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துக் கும்பிட்டார். "சாரு நல்ல மனுசன்மா. டூட்டில இருந்தேன், அடக்கத்துக்கு வர முடியல," என்றார். பிறகு இரும்புக் கதவை மட்டும் அவரே சாத்திவிட்டுப் போனார்.

கம்பிகளுக்கு இடையே எதிர்வீடு தெரிந்தது. அங்கே நிலையில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். கையில் ஒன்றுமில்லை. ஏதோ கேட்க வந்து மறந்துவிட்டவள் மாதிரி நின்றாள். நான் புன்னகைத்தேன். அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று மத்தியானம் அந்தக் கதவிடுக்கு வழியாக ரசம் தாளிக்கிற வாசம் வந்தது. வாசம் மட்டும்தான் வந்தது.

"எதிர்வீட்டுல யாரு?" என்று கேட்டேன்.

"ஜீனத்துன்னு ஒரு பொம்பளை. பூந்தமல்லிக்காரி. வாடகைக்கு இருக்காக," என்றாள் கிரேஸ். பிறகு, "அங்க பேச்சு வேண்டாம்க்கா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் கல்லறைக்குப் போனோம். ஆவடியில் ஷேர் ஆட்டோ பிடித்தால் அம்பத்தூர்வரை நேராகப் போய்விடலாம் என்றார்கள். போகலாம்தான், முதுகெலும்பு தாங்கினால். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேரை அடைத்து, ஓட்டுநருக்கு இருபுறமும் இரண்டு பேரைத் தொங்கவிட்டிருந்தார்கள். திருமுல்லைவாயல் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. என் தோளில் இருந்த கிரேஸின் தலை மடியில் விழுந்தது.

எதிரே மீன்கூடையை மடியில் வைத்திருந்த பெண் முதலில் பார்த்தாள். "அண்ணாத்தே, வண்டிய ஓரங்கட்டு! இந்தம்மா மயக்கமா கீது!"

அடுத்த நிமிடம் நடந்ததை லண்டனில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒருவர் செய்தித்தாளால் விசிறினார். யாரும் வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. அவள் கணவர் இறந்ததைச் சொன்னேன். ஓட்டுநர் ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கி வந்தார். மீன்காரப் பெண் பன்னைப் பிய்த்து டீயில் முக்கிக் கிரேஸின் வாயில் வைத்தாள். "இன்னாம்மா, துன்னவே இல்லியா? கண்ணெல்லாம் உள்ள பூட்டுது. துன்னு, துன்னு. செத்தவங்களோடயே நாமளும் போயிட முடியுமா?" கிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். என்னிடம் மூடிக்கொண்ட வாயை, மீன்வாடை அடிக்கும் ஒரு கைக்குத் திறந்தாள். எனக்குக் கோபம் வந்தது; கண்ணீரும் வந்தது. சாலையில் அத்தனை பேரும் அக்கம்பக்கத்தார்தான். லிப்டுக்குள் நுழைந்து கதவு மூடியதும் என்னதான் ஆகிவிடுகிறது இந்த ஜனங்களுக்கு?

கல்லறையில் சாம்ராஜுக்குத் தனி இடமில்லை. பழைய குழியைத் தோண்டி அதன்மேல் வைத்திருந்தார்கள். "இப்ப எல்லாருக்கும் அப்டித்தாம்மா, மேல மேலதான். எடம் எங்க கீது?" என்றார் அங்கே வேலை செய்பவர். மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே கிரேஸ், "கீழே யாரோ இருக்காக. இவுகளுக்கு இங்கயாவது பக்கத்துல ஆள் இருக்கு," என்றாள். நான் வந்ததிலிருந்து கணவரைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். ஏரி நன்றாகத் தெரிந்தது. கொடியின் அந்த முனையில் ஜீனத் போர்வைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பேசினாள்.

"அக்கா எதுனா சாப்புட்டாங்களா?"

"இல்லை."

"டெய்லி ஆக்குறேன்க்கா அவுங்களுக்குன்னு. கஞ்சியா ஒரு நாளு, ரசமா ஒரு நாளு. மவுத்து ஆன ஊட்டுக்கு பக்கத்து ஊட்டுக்காரங்கதான் ஆக்கிக் குடுக்கணும் எங்களுக்கு. கொழம்புல தண்ணி கூட ஊத்தியாவது பக்கத்து ஊட்டுக்குக் குடுன்னு நபியவங்க சொல்லிகீறாங்க. கதவு வரைக்கும் வந்துடறேன். அப்பால பயந்துக்கினு திரும்பிடறேன்."

"என்ன பயம்?"

அவள் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள். பக்ரீதன்று குர்பானியாகப் பலி கொடுத்த கறியை மூன்று பங்கு வைப்பார்கள். வீட்டுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று, சொந்தக்காரருக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒன்று. அந்தப் பங்கைப் பையில் போட்டு எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கிரேஸ் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் அந்தப் பை தாழ்வாரத்துக் குப்பைத் தொட்டியில் கிடந்தது. பூனை அதை இழுத்துக் கிழித்து, இரண்டு வாசலுக்கும் நடுவில் கறி சிதறிக் கிடந்தது. ஜீனத்தே உட்கார்ந்து தரையைக் கழுவினாள். பாதியில் கிரேஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பலியிட்டதைச் சாப்பிடக்கூடாது என்று எங்கள் சபையில் சிலர் கறாராக இருப்பார்கள். கிரேஸ் அந்த வகை. வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் மனது புண்படுமே என்று வாங்கிக்கொண்டிருப்பாள். புண்படுத்தக்கூடாது என்று நினைத்துச் செய்த காரியத்தைவிட வேறெதுவும் ஒருவரை அதிகமாகப் புண்படுத்த முடியாது.

"அது கூட போவுட்டும்க்கா," என்றாள் ஜீனத். அவள் குரல் இறங்கியது. "அக்கா ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலிச்ச அன்னிக்கு நான் ஊட்லதான் இருந்தேன். மெஷின்ல துணி போட்டுக்கினு இருந்தேன். எங்க ஊட்டுக்காரருக்கு நைட்டு டூட்டி, உள்ள தூங்கினு இருந்தாரு. எங்க வண்டி கீழதான் நின்னுது. அக்கா ஒவ்வொரு மாடியா எறங்கிப் போயி கதவத் தட்டிக்கீறாங்க. எல்லாம் வேலைக்குப் போன ஊடுங்க, யாரு தொறப்பா? எங்க கதவத் தட்டவே இல்லியேக்கா. ஒரு தட்டு தட்டியிருந்தா..."

அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து, "நான் ஊட்ல இருந்தது அக்காவுக்குத் தெரிய வேணாம். சொல்லிடாதீங்க," என்றாள். சொல்லமாட்டேன் என்றேன்.

மறுநாள் துக்க வீட்டு ஜெபத்துக்குப் பாஸ்டர் வந்தார். சபையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவர் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டுமாம், அவசரத்தில்தான் இருந்தார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சொந்த ஜனங்கள் விலகிப் போக, ஆகாதவன் என்று ஒதுக்கப்பட்ட சமாரியன் தூக்கி எடுத்த கதையை எடுத்துக்கொண்டார். யார் எனக்குப் பிறன் என்று அவர் கேட்டபோது கிரேஸ் எழுந்து அடுப்பங்கரைக்குள் போனாள். ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் வெளியே வரவில்லை. நான் உள்ளே போனேன். அணைந்த அடுப்பின் மேல் கையை ஊன்றி நின்றிருந்தாள்.

"எக்கா, அன்னைக்கு நான் எதிர்வாசல்லதான் முதல்ல போய் நின்னேன். கையத் தூக்கிட்டேன். குனிஞ்சு பார்த்தா, அவுக குடுத்து நான் தூக்கிப்போட்ட கறி சிதறிக் கிடந்த இடம். எந்த மூஞ்சிய வச்சிட்டுத் தட்ட? கீழே ஓடினேன். ஒவ்வொரு மாடியா ஓடினேன். அவுக தனியாக் கிடந்தாக. அவுகளை நான்தான் சாகவிட்டேன்."

அவளைப் பிடித்துக்கொண்டேன். ஜீனத் அன்று வீட்டில் இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவை நான் தட்டினேன். "கொண்டு வாருங்கள். வந்தால் அவளாகப் பேசும்வரை பேசாமல் உட்காருங்கள்," என்று மட்டும் ஜீனத்திடம் சொன்னேன்.

ஏழாம் நாள் காலை அவள் வந்தாள். கையில் ஒரு ஸ்டீல் தூக்கு. செருப்பை வெளியே விட்டு, தூக்கைக் கிரேஸின் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். விசிறி சுற்றியது. கீழே யாரோ காரைப் பின்னால் எடுக்க, அதன் பாட்டுச் சத்தம் மேலே கேட்டது. யாரும் பேசவில்லை. ரூத் அம்மா வீட்டில் நான் பார்த்த அதே மௌனம். பருத்திப்பட்டில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

கடைசியில் கிரேஸ் கேட்டாள். "ஜீனத், அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தீகளா?"

நான் ஜீனத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

"இல்லக்கா," என்றாள் ஜீனத். "பூந்தமல்லில எங்க அம்மா ஊட்டுக்குப் போயிருந்தோம். ரெண்டு பேருமே. ஊடு பூட்டிக் கெடந்துச்சு. சாயங்காலம்தான் வந்தோம்."

கிரேஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்கின் மூடியைத் திறந்தாள். தேங்காய்ப்பால் ஊற்றிய அரிசிக் கஞ்சி. நான் கிண்ணம் எடுத்து வந்தேன். ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், அதையும் குடித்தாள். ஜீனத் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள், வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போகிறாராம். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டுமாம்.

நான் கிளம்பிய அன்று கிரேஸ் தானாகவே அடுப்பைப் பற்றவைத்து எனக்குத் தோசை வார்த்தாள். தேய்த்துக் கழுவிய தூக்கு சாப்பாட்டு மேசையில் இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, ஏதாவது செய்து போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு பொய் என் தங்கையைப் பிழைக்க வைத்துவிட்டது என்று நம்பினேன்.

லண்டனில் மழை. சில வாரங்கள் கழித்துக் கைப்பேசியில் பேசும்போது தூக்கைக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. ரெண்டு மூணு தடவை வாசல் வரைக்கும் போனேன். கை எழும்பல. அவுக காலி பண்ணிட்டுப் போயிட்டாக. நான் தூங்கிட்டு இருக்கேன்னு நினைச்சு எழுப்பல போல. புதுசா யாரோ வந்திருக்காக. கதவு எப்பவும் சாத்தியேதான் கிடக்கு."

"சாப்பிடுகிறாயா?"

"சாப்பிடுதேன்."

நான் கைப்பேசியை வைக்கப்போனேன். அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"எக்கா, ஜீனத் அன்னைக்கு வீட்டுலதான் இருந்தா. அவுக வாசல்ல நான் கையத் தூக்கிட்டு நிக்கும்போது, உள்ள வாஷிங் மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு."